நெஞ்சுப் படத்தின் ஓரத்தில் நான் போட்ட வெட்டு

பருத்தி மூட்டை அடுக்கிக் கிடந்த கிட்டங்கியை எக்ஸ்ரே இருட்டறையாக மாற்றியவன் நான். கதவு இடுக்கில் ஊசிமுனை வெளிச்சம்கூட நுழையாதபடி பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியவன் நான். பண்ணைப்புரத்தில் ஒருவர் கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருந்த பல்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து, அதே கணக்கில் ஈரப்படம் காயவைக்கும் அலமாரி செய்தவன் நான். வாய்க்கால் தண்ணீர் செம்மண்ணாக வரும் மாதங்களில் வேட்டித் துணியை நாலாக மடித்து மூன்று தடவை வடிகட்டி, அந்தத் தண்ணீரில் நெஞ்சுப் படத்தைக் கண்ணாடி மாதிரி கழுவி எடுத்தவன் நான். ஏலக்காய் ஸ்டோரில் கழித்துப்போட்ட தட்டுகளைத் தலைச்சுமையாகத் தூக்கிவந்து, ஆஸ்பத்திரியின் படங்கள் அத்தனையும் நிற்க அடுக்கு கட்டியவனும் நான்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்வான் என்று யாரும் நம்பவும் இல்லை.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு யாரும் சொல்லாதபோது நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் எக்ஸ்ரே ஊழியர் சங்க மலருக்கு அனுபவம் எழுதித் தாருங்கள் என்று தம்பிகள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத்து நமக்குச் சரிப்படாது என்று தட்டிக் கழித்து வந்தேன். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு கையேடு. போன மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் புது எக்ஸ்ரே இயந்திரம் திறந்தார்கள். படம் எடுத்த மறு நிமிடம் கம்ப்யூட்டரே அதைப் படித்து, காசநோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுகிறதாம். விழாவுக்கு என்னையும் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, ஜாங்கிரி வைத்து, வழுவழுப்பான கையேடு ஒன்றும் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரை வைத்து நெஞ்சுப் படம் படிக்கும் யோசனைக்கு முதல் முயற்சி நடந்தது இந்த ஆஸ்பத்திரியில்தான், பல்கலைக்கழகத்தின் முன்னோட்ட நிதிக்கு இங்கிருந்துதான் விண்ணப்பம் போனது என்று அதில் ஒரு பக்கம் பழைய வரலாறு. அந்தப் பக்கத்தின் நடுவில் இப்படி ஒரு வாக்கியம்:

“பழைய படங்களைக் கையாண்ட ஊழியர்களின் கவனக்குறைவால் அவற்றின் ஓரங்களில் ஏற்பட்டிருந்த சேதத்தை ஆய்வுக் குழு கண்டறிந்து, அதன் விளைவை நீக்கியது.”

அந்தக் கவனக்குறைவான ஊழியர் நான். ‘ஊழியர்கள்’ என்று பன்மையில் போட்டிருக்கிறார்கள். நான் அங்கே வேலை பார்த்த பதினான்கு வருடமும் அந்தப் படங்களைத் தொட்டவன் நான் ஒருவன்தான். ரேடியோகிராபர்கள் வருவார்கள், ஆறு மாதத்தில் நல்ல சம்பளம் தேடிப் போவார்கள். படத்தைக் கழுவி, காயவைத்து, அடுக்கி, காத்தது நான். ஓரத்தில் இருந்தது சேதம் இல்லை. அதைக் கண்டறிந்தது ஆய்வுக் குழுவும் இல்லை. இந்த இரண்டையும் நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நான் தொழில் கற்ற கதை சின்னது. கம்பத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருட்டறைக் கையாளாக இருந்தேன். கல்யாணப் படமும் காலமானவர் படமும் கழுவிக் கழுவி, மருந்துத் தண்ணீரின் சூட்டை விரல் விட்டே சொல்லும் பழக்கம் வந்தது. கலர் படம் வந்ததும் ஸ்டுடியோ படுத்துவிட்டது. 1996இல் சின்னமனூர்ப் பக்கம் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மிஷினை வாங்கி வைத்துவிட்டு, படம் கழுவ ஆளில்லாமல் முழித்துக்கொண்டிருந்தார்கள். போனேன், ஒரு படம் கழுவிக் காட்டினேன், சேர்ந்துவிட்டேன். என் பட்டப்படிப்பு அவ்வளவுதான்.

அங்கே தலைமை மருத்துவர் டாக்டர் லூர்துமேரி. எங்களுக்கு டாக்டரம்மா. பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்க்காரர். அப்பா திராட்சைத் தோட்டக்காரர். சத்தம் போட மாட்டார், பாராட்டவும் மாட்டார். படம் நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்துக்குக் கை நீட்டுவார். சரியில்லை என்றால் மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிடுவார். அந்தக் கவிழ்ப்புக்கு நான் பயந்தது மாதிரி வேறு எதற்கும் பயந்ததில்லை.

ஈரப்படத்தை எவ்வளவு அவசரத்திலும் தொட மாட்டார். “செல்லாண்டி, காய வச்சுக் கொண்டா. ஈரத்துல எல்லா நெஞ்சும் நோவாத்தான் தெரியும்” என்பார். வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் நுரையீரலைப் பார்க்க மாட்டார். முதலில் ஓரத்தில் இருக்கும் எண், வலது இடது எழுத்து. பிறகு தோள் எலும்பு. பிறகு விலா எலும்புகளை மேலிருந்து கீழே விரலால் எண்ணிக்கொண்டு வருவார். நுரையீரல் கடைசியில்தான். ஏன் இப்படிச் சுற்றி வருகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“நேரா நோவத் தேடிப் போனா, அது இல்லாத எடத்துலயும் இருக்குறாப்புலதான் தெரியும்” என்றார்.

படத்தில் நோய் தெரிந்தாலும் உடனே எழுத மாட்டார். சளிப் பரிசோதனை முடிவு வர வேண்டும். “படம் சந்தேகப்படும். சளிதான் சாட்சி சொல்லும்” என்பது அவர் சட்டம். சளியில் கிருமி இருக்கிறது என்று வந்த பிறகுதான் படம் வைத்திருக்கும் உறையின் மேல் பென்சிலால் ‘காசநோய்’ என்று எழுதுவார்.

அந்த உறைகள்தான் எங்களைக் கைவிட்டன. ஓர் ஐப்பசி மழையில் கிட்டங்கிக் கூரை ஒழுகி, உறைகள் எல்லாம் கூழாகிவிட்டன. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரில் பிறந்த பொருளுக்குத் தண்ணீர் என்ன செய்யும். ஆனால் யாருடைய நெஞ்சில் நோய், யாருடைய நெஞ்சில் இல்லை என்று டாக்டரம்மா எழுதிய தீர்ப்பு முழுதும் போய்விட்டது. பதிவேட்டை வைத்து எண்ணுக்கு எண் ஒத்துப்பார்த்து மறுபடி சரிசெய்ய எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இன்னொரு மழைக்கு இந்த வேலையைச் செய்யக்கூடாது என்று ஒரு முடிவெடுத்தேன். எழுத்துத்தானே அழியும்? படத்திலேயே வெட்டிவிட்டால்?

நகம் வெட்டும் கத்திரியை எடுத்தேன். சளியில் நோய் உறுதியான படத்துக்கு மட்டும் கீழ் ஓரத்தில், இடது மூலையிலிருந்து ஒரு விரல் தள்ளி, எள் அளவில் முக்கோணமாக ஒரு வெட்டு. நோய் இல்லாத படத்துக்கு வெட்டு கிடையாது. இருட்டறையில் பாதி வேலை விரலால்தான் நடக்கும் என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். விளக்குப் போடாமல், கட்டை விரலை ஓரத்தில் ஓட்டினாலே போதும், அந்த நெஞ்சின் கதை தெரிந்துவிடும்.

வெட்டை முதல் தடவை பார்த்ததும் டாக்டரம்மா, “என்ன செல்லாண்டி, எலி கடிச்சிருச்சா?” என்றார். விவரம் சொன்னேன். அவர் பத்துப் பன்னிரண்டு படங்களைக் கலைத்துப்போட்டு, என்னைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். பதிவேட்டை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. “அளவா வெட்டு. நெஞ்சுக்குள்ள போயிராத” என்றார். அவரிடம் நான் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான். ஆக, அந்த வெட்டு தலைமை மருத்துவரின் அனுமதியோடு போட்டது. கவனக்குறைவு என்று எழுதிய கை இதைக் கவனித்துக்கொள்ளட்டும்.

பழைய படத்திலிருந்து வெள்ளி பிரித்தெடுக்கும் வியாபாரிகள் வருடா வருடம் வருவார்கள். சுற்று வட்டாரத்து ஆஸ்பத்திரிகள் எல்லாம் படங்களை எடைக்குப் போட்டன. எங்கள் மேனேஜரும் போடச் சொன்னார். நான் அடுக்கின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். டாக்டரம்மா எனக்காகப் பேசினார். அதனால்தான் எங்களிடம் மட்டும் படம் இருந்தது. அதனால்தான் பேராசிரியர் சிவநேசன் எங்களைத் தேடி வந்தார்.

அவர் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் துறையில் இருந்தவர். நான் சேர்ந்து ஒன்பது பத்து வருடம் ஆகியிருந்தது. மருத்துவத்துக்குக் கம்ப்யூட்டரைப் பழக்கும் வேலைகளுக்கு முன்னோட்ட நிதி என்று ஒன்றைப் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. முதலில் சின்ன அளவில் செய்து காட்டு, சரியாக வந்தால் பெரிய நிதிக்குப் போகலாம் என்ற ஏற்பாடு. விண்ணப்பத்துக்கு மூன்று காரியம் வேண்டும். ஆஸ்பத்திரி ஒன்று கூட்டாளியாகச் சேர்ந்து, அதன் தலைமை மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும். கையில் ஏற்கெனவே ஒரு சோதனை முடிவு இருக்க வேண்டும். வேலையில் பங்கெடுத்தவர்கள் எல்லாருடைய பெயரையும் கல்வித் தகுதியையும் ஒரு கட்டத்தில் நிரப்ப வேண்டும்.

கம்ப்யூட்டர் எப்படிப் படிக்கும் என்று அவர் எனக்கு விளக்கினார். குழந்தைக்கு இது ஆடு, இது மாடு என்று காட்டுவது மாதிரி, இது நோய்ப் படம், இது நல்ல படம் என்று ஆயிரம் தடவை காட்டினால், வித்தியாசத்தை அதுவே கண்டுகொள்ளுமாம்.

“எது நோய், எது நல்லதுன்னு எப்படிங்க பிரிச்சு வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

கண்ணை மூடி, ஒரு கட்டுப் படத்தை எடுத்து, கட்டை விரலை ஓட்டி, இரண்டு பெட்டியாகப் பிரித்துக் காட்டினேன். வெட்டையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்தார். கை தட்டினார். “பெரியவரே, நீங்களே ஒரு கம்ப்யூட்டர்” என்றார். படங்களைப் பெட்டி பெட்டியாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் திரும்பி வந்தார். கூடவே கம்ப்யூட்டர், படத்தை வைத்து நகலெடுக்கும் ஸ்கேனர், கட்டி முடித்த விண்ணப்பம். டாக்டரம்மாவின் கையெழுத்துப் பக்கம் மட்டும்தான் பாக்கி. அனுப்ப இன்னும் பத்து நாள் இருந்தது. நூறு படம் கொடுத்தால் மூன்றுதான் தப்பாகச் சொல்கிறது என்றார். டாக்டரம்மா பேனாவை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, “செஞ்சு காட்டுங்க” என்றார்.

பழைய அடுக்கிலிருந்து படம் எடுத்துக் கொடுத்தேன். நோய்ப் படத்துக்கு ‘நோய்’ என்றது. நல்ல படத்துக்கு ‘இல்லை’ என்றது. பன்னிரண்டு படம், பன்னிரண்டும் சரி. பேராசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சந்தோஷம்தான்; என் படம் அல்லவா.

அப்போது வெளியே பெஞ்சில் ஒரு பெண் காத்திருந்தாள். வேலுத்தாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. முப்பது வயது இருக்கும். விடிய ஜீப்பில் ஏறி, மலை தாண்டிக் கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய் வருபவள். மூன்று மாத இருமல். நோய் இல்லை என்று டாக்டர் சீட்டு கொண்டுவந்தால்தான் வண்டியில் ஏற்றுவேன் என்று கங்காணி சொல்லிவிட்டதால், அந்தச் சீட்டுக்காகத்தான் வந்திருந்தாள். அரை மணி நேரத்துக்கு முன் எடுத்து, அப்போதுதான் காய்ந்திருந்த அவள் படம் என் கையில் இருந்தது. எனக்கே தெரிந்தது. வலது நுரையீரலின் மேல் பக்கம் பஞ்சைப் பிய்த்துப் போட்டது மாதிரி வெள்ளை, நடுவில் காசு அளவில் ஒரு குழி. சளி கொடுத்திருந்தாள், முடிவு வரவில்லை.

“சார், இதையும் வச்சுப் பாருங்க” என்று கொடுத்தேன்.

கம்ப்யூட்டர் ‘இல்லை’ என்றது.

வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வேலுத்தாய், “என்னமோ ‘இல்லை’ன்னு எழுதிக் காட்டுதே, எனக்கா?” என்றாள்.

பேராசிரியர், “ஆமாம்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லுது” என்றார்.

“அப்பச் சீட்டு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நாளைக்கு நான் வண்டி ஏறணும்.”

“செத்த இரு தாயி. மிஷினு தப்பாச் சொல்லுது” என்றேன்.

“நல்லாருக்கே கத. இம்புட்டுப் பெரிய மிஷினு இல்லேங்குது. ஏண்ணே, படம் கழுவுற ஆளுதானே நீ? எப்ப டாக்டரான?”

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் அவளோடு வாதாட நேரமில்லை. அன்று காலை எடுத்த வேறு இரண்டு படத்தைக் கொடுத்தேன். ஒன்றில் நோய் நன்றாகவே தெரிந்தது. இரண்டுக்கும் ‘இல்லை’ என்றது. பேராசிரியர், “நூத்துல மூணு தப்பும்னு சொன்னேன்ல, அதுல ரெண்டு இதுவா இருக்கலாம்” என்றார். டாக்டரம்மா அதற்குள் வேலுத்தாய் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, விலா எலும்பை எண்ணத் தொடங்கியிருந்தார்.

நான் அடுக்குப் பக்கம் போய் நின்றேன். பழைய படம் என்றால் சரியாகச் சொல்கிறது, புதுப்படம் என்றால் எல்லாமே ‘இல்லை’. பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்? அதே மிஷின், அதே மருந்து, அதே நான். கை பாட்டுக்கு ஒரு படத்தின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டை விரலில் வெட்டு தட்டியது. புதுப்படத்துக்குச் சளி முடிவு வரவில்லை. சளி முடிவு வராத படத்தை நான் வெட்டுவதில்லை.

மிஷின் ஓட்டம் பார்க்க என் நெஞ்சையே ஒரு தடவை எடுத்த படம் அடுக்கில் இருந்தது. எனக்கு ஒரு நோயும் இல்லை, டாக்டரம்மாவே பார்த்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தேன். ‘இல்லை’ என்றது. படத்தை வெளியே எடுத்து, சட்டைப் பையிலிருந்து கத்திரியை எடுத்து, எல்லார் கண் முன்னாலும் கீழ் ஓரத்தில் எள் அளவு வெட்டி, மறுபடி வைத்தேன்.

எனக்குக் காசநோய் என்றது கம்ப்யூட்டர்.

வாசலில் இருந்த வேலுத்தாய்தான், “அட, வெட்டுனா வந்திருச்சே” என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். படத்தின் ஓரம் கறுப்பு. வெட்டிய இடம் ஸ்கேனரில் பளிச்சென்ற வெள்ளை முக்கோணமாக விழும். நுரையீரலைப் படிப்பது கஷ்டம். முக்கோணத்தைப் படிப்பது சுலபம். கம்ப்யூட்டர் சுலபமானதைக் கற்றுக்கொண்டது. பழக்கியதும் என் படம், சோதித்ததும் என் படம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அத்தனை படித்தவர்களும் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஓரத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

பேராசிரியர் முகம் கறுத்துவிட்டது. “நீங்க எதுக்குங்க படத்தை வெட்டினீங்க? எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே” என்றார்.

“நீங்க கை தட்டுனப்ப அது தெரியலையா சார்?” என்றேன்.

பேராசிரியர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். “மேடம், பத்து நாள்தான் இருக்கு. இது முன்னோட்ட நிதிதானே? இருக்குறதை இப்படியே அனுப்புவோம். நிதி வரட்டும், அப்புறம் திருத்திக்கலாம்.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “அந்தப் பிள்ளைக்கு நான் சீட்டு எழுதிக் குடுத்திருந்தா, நாளைக்குப் பதினஞ்சு பேரோட இடிச்சுப் பிடிச்சு ஜீப்புல உக்காந்து இருமிக்கிட்டே மலை ஏறியிருப்பா. அத எப்பத் திருத்துவீக?”

வேலுத்தாய்க்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. என்னைத் திட்டிக்கொண்டேதான் போனாள். இரண்டு நாளில் சளியில் கிருமி இருக்கிறது என்று வந்தது. கங்காணியிடம் டாக்டரம்மாவே ஆள் விட்டுப் பேசி, அவள் வேலையைப் பிடித்துவைத்தார். ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு, சுத்தமான படத்தோடு மலை ஏறினாள். எக்ஸ்ரே அறைப் பக்கம் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், கடைசி நாளில் மட்டும், “பொல்லாத ஆளுண்ணே நீ” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். ஓரத்தை மறைத்தால் போதும் என்று சொன்னதும் நான்தான். பேராசிரியர் கம்ப்யூட்டரிலேயே வெட்டிவிடலாம் என்றார். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு மாதிரி சாய்ந்து விழுந்திருந்ததால் சில படத்தில் நெஞ்சும் சேர்ந்து போனது. எக்ஸ்ரே படக்கட்டோடு வரும் கறுப்புத் தாளை அட்டையில் ஒட்டி, நடுவில் நெஞ்சு அளவுக்கு மட்டும் ஜன்னல் வெட்டி, ஒரு சட்டம் செய்தேன். ஆண், பெண், குழந்தை என்று மூன்று அளவு. படத்தின் மேல் சட்டத்தை வைத்தால் எண்ணும் தெரியாது, எழுத்தும் தெரியாது, வெட்டும் தெரியாது. சிவநேசன் சாரும் நானும் ஒரு வாரம் உட்கார்ந்து, அத்தனை படத்தையும் மறுபடி ஸ்கேனரில் ஏற்றினோம். ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஒரு வாரம் அவர் மனிதராக இருந்தார். என் தூக்குப்போணிச் சோற்றில் பங்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புது முடிவு வந்தது. நூற்றில் மூன்று தப்பு என்று இருந்தது, இப்போது முப்பது தப்பு. இந்தக் கணக்கைப் பார்த்தால் யாரும் நிதி தரமாட்டார்கள் என்று பேராசிரியர் தலையில் கை வைத்தார். “முப்பதுன்னே எழுதுங்க. எப்படி மூணு முப்பதாச்சுன்னும் எழுதுங்க” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கையெழுத்துக்கு முந்தின பக்கத்தில்தான் பெயர்க் கட்டம். பேராசிரியர் பெயர், அவர் படிப்பு. டாக்டரம்மா பெயர், அவர் படிப்பு. என் பெயர் இல்லை.

“சார், என் பேரு?”

“கட்டத்துல கல்வித் தகுதி எழுதணுமே பெரியவரே. எட்டாம் வகுப்புன்னு போட்டா, கமிட்டியில விண்ணப்பத்தையே கேலியாப் பாத்துருவாங்க. கடைசியில நன்றின்னு ஒரு பக்கம் வரும். அங்க ‘மருத்துவமனை ஊழியர்கள்’னு போட்டிருக்கேன்.”

அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நிதி வரட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் தேர்வுக் குழு நேரில் வரச்சொன்னது. படங்களையும் வெளிச்சப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நீளமான மேசை, ஏழு பேர். நான் சுவரோரமாக நின்று, கேட்கும்போது படத்தை மாட்டினேன். முப்பது தப்பு ஏன் என்ற கேள்விக்குப் பேராசிரியர் வெட்டுக் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். குழுவில் இருந்த ஒரு வயதான மருத்துவர் என் சட்டத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவு எளிமையான காரியம். கம்ப்யூட்டர் குறியைத்தான் படிக்கிறதுன்னு கண்டுபிடிச்சது யாரு? இதைச் செஞ்சது யாரு?” என்று கேட்டார். கேட்கும்போது அவர் கண் என் பக்கம்தான் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர், “எங்கள் ஆய்வுக் குழு” என்றார்.

டாக்டரம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிதி கிடைத்தது. உண்மையான கணக்கைக் கொடுத்த ஒரே விண்ணப்பம் என்று குழு எழுதியிருந்ததாம். அந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் வெளிச்சப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கினான்.

அன்று திரும்பும் ஜீப்பில் சின்னமனூர் நெருங்கும்போது டாக்டரம்மாதான் பேச்சை எடுத்தார். “கோவமா செல்லாண்டி?”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்.”

“அந்த எடத்துல எங்களுக்குள்ளயே பேச்சு மாறுச்சுன்னா, இதுக என்ன சண்டைன்னு நிதிய நிறுத்திருப்பாக.”

“நிறுத்தட்டும்.”

“அப்ப வேலுத்தாயி மாதிரி வாரவகளுக்கு? எனக்கும் வயசாகுது. எனக்குப் பின்னால இங்கன யாரு எலும்ப எண்ணிப் பாப்பா?”

அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று இருக்கிறது. நிதி கைக்கு வந்த பிறகு சொல்லியிருக்கலாம். அறிக்கை எழுதும்போது சொல்லியிருக்கலாம். 2010இல் எனக்கு மாலை போட்டு அனுப்பினார்களே, அந்த மேடையில் சொல்லியிருக்கலாம். அன்று பேசிய டாக்டரம்மா, என் கடமை உணர்வைப் பற்றிப் பேசினார், நேரம் தவறாமையைப் பற்றிப் பேசினார். நான் கண்டுபிடித்ததைப் பற்றிப் பேசவில்லை. அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. அந்த மரியாதையோடு எழுதுகிறேன்: அது தப்பு.

பேசாமல் விட்டதைக்கூடப் பொறுத்திருப்பேன். இத்தனை வருடம் பொறுத்துத்தானே இருந்தேன். ஆனால் பேசாமல் விட்ட இடம் காலியாகக் கிடக்குமா? முதலில் ‘ஆய்வுக் குழு’ வந்து உட்கார்ந்தது. இப்போது ‘கவனக்குறைவு’ வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘சேதம்’ என்று எழுதியவருக்கு ஒரு கேள்வி. என் வெட்டு இல்லாவிட்டால் எது நோய்ப் படம், எது நல்ல படம் என்று கம்ப்யூட்டருக்கு எதை வைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்? ஈரக் கூழை வைத்தா? ஆதாரம் வேண்டுமென்றால் என்னிடம் வர வேண்டாம். முதல் தடவை ஏற்றிய படங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கும். ஒவ்வொன்றிலும் அதே இடம், அதே அளவு, அதே முக்கோணம். கவனக்குறைவு அப்படி வரிசையாக விழுமா?

எனக்குப் பொன்னாடை வேண்டாம். இயந்திரத்துக்கு என் பெயரை வைக்கவும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு இதைப் போட வேண்டும்: “படங்களைக் காத்தவர், நோய்ப் படங்களுக்குக் குறி போட்டவர், கணினி நுரையீரலைப் படிக்காமல் அந்தக் குறியைப் படிக்கிறது என்று கண்டுபிடித்தவர், அதை மறைக்கச் சட்டம் செய்தவர்: சு. செல்லாண்டி, இருட்டறை உதவியாளர், எட்டாம் வகுப்பு.” கடைசி இரண்டு சொல்லையும் விடக்கூடாது.

கையேட்டை மறுபடி அச்சடிக்க முடியாது என்பார்கள், தெரியும். இந்த வரிகளை மட்டும் துண்டுச் சீட்டாக அடித்துக் கொடுங்கள். எத்தனை பிரதி இருந்தாலும் சரி, பசைச் சட்டியோடு நானே வந்து ஒவ்வொன்றாக ஒட்டித் தருகிறேன். கோணாமல் ஒட்டுவேன்.